அரை மைக்ரான் கௌரவம்

காரில் எதையாவது மாட்டுவதற்குக் காசு கேட்டால் புரிகிறது. மாட்டியிருப்பதை மறைப்பதற்குக் காசு கேட்கும் தொழிலும் நாட்டில் அமோகமாக நடக்கிறது என்பது சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போகிறவரை பலருக்குத் தெரியாது. அண்ணா சாலைக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவே ஓடும் அந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், ஒரு கடை வாசலில் கார்க் கதவின் கைப்பிடிக்குக் குரோம் உறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த கடை வாசலில் அதே மாடல் காரின் குரோம் கைப்பிடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி என்றாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. வெள்ளியை விற்றாலும் லாபம், கறுப்பை விற்றாலும் லாபம். நடுவில் பர்ஸைப் பிரித்துக்கொண்டு நிற்பவன் காரின் சொந்தக்காரன்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிக்கும் கிளை உண்டு. குரோம் கட்சிக்குத் தலைவர் என் மாமனார். கறுப்புக் கட்சிக்குத் தலைவி என் மகள். கறுப்பு என்றதும் யாரும் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கார் கிரில் சம்பந்தப்பட்டது மட்டும். என் மனைவி நடுநிலை, அதாவது யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பக்கம். நான் இரண்டு கட்சிக்கும் பொருளாளர்.

மாமனார் மதுரையில் கான்ட்ராக்டராக இருந்த காலத்தில் வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தவர். 1950-களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியில், அவர் வாங்கிய காலத்தில், பவர் ஸ்டீயரிங் என்பது ஓட்டுகிறவரின் தோள்பட்டை. ஏசி என்பது இறக்கிவிட்ட ஜன்னல். ஆனால் முன்னும் பின்னும் இரும்பு பம்பர், அதன்மேல் குரோம். ஹெட்லைட்டைச் சுற்றிக் குரோம். வீல் கப்பில் குரோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பிராஸோ டப்பாவோடு பம்பர் முன்னால் உட்கார்ந்தார் என்றால் இட்லி ஆறி, திரும்பச் சூடாகி, திரும்ப ஆறும்.

துருப்புள்ளிக்கு அவரிடம் தனி வைத்தியம் உண்டு. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். இதில் ஒரு சங்கடம்: அவர் பீடி சிகரெட் தொடாதவர். எனவே டீக்கடை வாசலில் காத்திருந்து, மற்றவர்கள் பிடித்துத் தூக்கிப்போட்ட காலி பாக்கெட்டுகளைப் பொறுக்குவார். பெரிய கான்ட்ராக்டர் குனிந்து சிகரெட் பாக்கெட் பொறுக்குவதைப் பார்த்த ஊர், "பாவம், பில்லு பாஸாகல போலருக்கு" என்று பேசிக்கொண்டது. வைத்தியம் என்னவோ உண்மையானது. அலுமினியம் குரோமைவிட மிருது. தேய்த்தால் குரோமில் கீறல் விழாது. ஈரத்தில் அது துருவோடு வினைபுரிந்து துருவைக் கிளப்பியும் விடும்.

"பம்பர்ல மூஞ்சி தெரியலைன்னா அந்த வண்டிக்காரன்கிட்ட சம்பந்தம் பேசக் கூடாது மாப்ள" என்பது அவர் கண்ட தத்துவம். நான் பெண் பார்க்கப் போன அன்று என் ஜாதகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் வாசலுக்கு வந்து என் பைக்கின் சைலன்சரைப் பார்த்தவர் அவர். நல்லவேளை, அது நண்பனுடைய பைக்.

நாங்கள் சிவப்பு செடான் வாங்கியபோது டாப் வேரியன்ட்தான் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவரே. கார் கம்பெனிகளின் சூட்சுமம் அவருக்கு நன்றாகத் தெரியும். பேஸ் வேரியன்ட்டுக்கும் டாப் வேரியன்ட்டுக்கும் பல மாடல்களில் என்ஜின் ஒன்றுதான், சக்கரம் எல்லாவற்றுக்கும் நாலுதான். கூடுதலாக லட்சங்களைக் கொட்டியவன் கொட்டினான் என்பது எதிர்வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகப் பிறந்தது குரோம். பேஸ் மாடலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கிரில், கறுப்புக் கைப்பிடி. விலை படியேற ஏற, கிரில்லைச் சுற்றி ஒரு வெள்ளிக்கோடு, ஜன்னலுக்கு அடியில் ஒரு பீடிங், கைப்பிடியில் ஒரு பளபளப்பு, டிக்கியில் ஒரு பட்டை. போலீஸ்காரரின் தோளில் நட்சத்திரத்தை எண்ணுகிற நாட்டில், காரின் சம்பளக் கிரேடைக் குரோமை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறோம்.

கம்பெனி கொடுத்த நட்சத்திரங்கள் மாமனாருக்குப் போதவில்லை. டெலிவரி எடுத்த அன்றே மதுரையிலிருந்து ஒரு கட்டைப்பை வந்து இறங்கியது. சைடு மிரருக்குக் குரோம் மூடி, கைப்பிடிக்குக் குரோம் உறை, கைப்பிடிக்குப் பின்னால் நகம் பட்டுக் கீறாமலிருக்கக் குரோம் கிண்ணம், ஃபாக் லேம்புக்குக் குரோம் வளையம், டெயில் லேம்புக்குக் குரோம் சட்டம், பெட்ரோல் டேங்க் மூடிக்கு ஒரு குரோம் மூடி, மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்கு மேல் வைக்கும் வைஸர், அந்த வைஸரின் விளிம்பிலும் குரோம். எல்லாம் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுகிற சாமான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அந்தப் பக்கம் வர நேர்ந்தால் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். சல்யூட் என்று மாமனார் நினைத்துக்கொண்டிருந்தார். கண் கூசுகிறது என்று அவரிடம் யார் சொல்வது?

காலேஜில் கால் வைத்ததும் மகள் அறிவித்தாள்: "ப்பா, இந்த வண்டில என்னை காலேஜ் வாசல்ல இறக்கிவிடாதீங்க. ஜானவாசக் கார் மாதிரி இருக்கு. மாப்பிள்ளை எங்கேன்னு கேக்குறாங்க. குரோம் டிலீட் பண்ணிடலாம்."

"அப்படின்னா?"

"எல்லாத்தையும் கறுப்பாக்கிடறது. சாட்டின் பிளாக். இல்லேன்னா கிளாஸ் பிளாக்."

கேட்டுக்கொண்டிருந்த மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் செய்தித்தாளை மடிப்பது நீதிபதி மேஜையைத் தட்டுவதற்குச் சமம்.

"மாப்ள, ஒரு கணக்கு கேக்கறேன். பேஸ் மாடல்ல கிரில்லு என்ன கலரு?"

"கறுப்பு மாமா."

"அது வேணாம்னுதானே எக்ஸ்ட்ரா காசு குடுத்து டாப் மாடல் எடுத்தீங்க?"

"ஆமா மாமா."

"இப்ப டாப் மாடலைப் பேஸ் மாடல் ஆக்குறதுக்கு இன்னொரு தடவை காசு குடுக்கப் போறீங்க. அப்படித்தானே?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லக்கூடிய பொருளாதார நிபுணர் இன்னும் பிறக்கவில்லை. மகள் மட்டும் அசரவில்லை. "தாத்தா, பேஸ் மாடல் கறுப்பு மங்கலா சாம்பல் பூத்திருக்கும். இது வேற கறுப்பு. காசு குடுத்த கறுப்புன்னு பார்த்தாலே தெரியும்" என்றாள். கௌரவம் எங்கேயும் போகவில்லை, கலர் மாறியிருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் ஒரே கட்சிதான். கொடிதான் வேறு.

சண்டை நடக்கும் பொருளின் கனத்தை விசாரித்தால் இன்னும் வேடிக்கை. இன்றைய கார்களில் மின்னுகிற பாகங்களில் பெரும்பாலானவை இரும்பே கிடையாது, ஏ.பி.எஸ். என்கிற பிளாஸ்டிக். அதன் மேல்பரப்பை ரசாயனத்தில் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் போடுகிறார்கள். மின்சாரம் பாய்வதற்கு வசதியாக ஒரு மெல்லிய உலோகப் படலத்தைப் படியவைக்கிறார்கள். அப்புறம் தொட்டி தொட்டியாக முக்கி எடுக்கிறார்கள்: முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். செம்பும் நிக்கலும் பத்து, இருபது மைக்ரான் என்று ஏதோ ஒரு கனத்தோடு இருக்கும். குரோமியம் அரை மைக்ரானைத் தாண்டினால் பெரிய விஷயம். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். என் மாமனாரின் கௌரவம், அவர் தலையில் எஞ்சியிருக்கும் முடிகளில் ஒன்றை எடுத்து நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பிளவின் கனம்கூட இல்லை.

அந்தப் பளபளப்பிலும் பெரும்பங்கு குரோமின் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. மேடு பள்ளத்தை நிரவி, முகம் பார்க்கிற கண்ணாடியாக்குகிற வேலை நிக்கலுடையது. தனியாக விட்டால் அது நாளடைவில் மஞ்சள் பாய்ந்து மங்கிவிடும் என்பதால் காவலுக்கு மேலே ஒரு நீலச்சாயல் கொண்ட வெள்ளிப் படலம். உழைப்பு நிக்கல், பெயர் குரோம். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு மெல்லிசான சங்கதியை ஒரு கோட் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு டிங்கரிங் பட்டறைக்காரர் சிரித்தார். குரோமில் பெயின்ட் பிடிக்காது. வழவழப்பு அப்படி. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். தேய்த்தாலும் லேசில் மசியாது, குரோமியம் அவ்வளவு கடினம். பிறகு பிரைமர், பிறகு பெயின்ட், பிறகு கிளியர் கோட். ஒரு படியைத் தாவினாலும் அடுத்த கோடைக்குள் பெயின்ட் தோல் தோலாக உரியும். சிலர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிக் குரோமையே கரைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கரையும்தான். கூடவே புகை நெஞ்சுக்குள் இறங்கும். கரைந்த குரோமியமும் நிக்கலும் சாக்கடை வழியே யார் வீட்டுக் கிணற்றுக்கோ போகும். காருக்கு அழகு பார்க்கப் போய் ஊருக்கு வியாதி வாங்கித் தருகிற வேலை.

மாமனார் இதற்குள் வரலாற்றைக் கையில் எடுத்திருந்தார். "ஒலகம் பூரா குரோம்தான் மாப்ள கௌரவம்" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்ற பேராசிரியர் 1924-ல் குரோம் பூச்சு முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தினார். அதுவரை கார்களில் பித்தளையும் நிக்கலும்தான். டிரைவரின் பாதி வாழ்க்கை துடைப்பதிலேயே போகும். குரோம் வந்ததும் துடைக்கிற வேலை குறைந்தது, மினுக்குகிற ஆசை கூடியது. 1950-களில் அமெரிக்காவுக்குக் குரோம் பித்து தலைக்கேறியது. 1958-ம் வருடத்து பியூக் காரின் கிரில்லில் மட்டும் 160 குட்டிக் குரோம் சதுரங்கள். படத்தை மாமனாருக்குக் காட்டினேன். அன்று மதியம் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மகள் விடுவாளா? அவள் எடுத்துப்போட்டது 1942. உலகப்போர் நேரம். குரோமியமும் நிக்கலும் செம்பும் ஆயுதத்துக்கு வேண்டும் என்று, அமெரிக்க அரசு அந்த வருடப் பிறப்பிலிருந்து கார்களில் பம்பரைத் தவிர வேறெங்கும் பளபளப்பு இருக்கக் கூடாது என்று தடை போட்டது. கிரில், ஹெட்லைட் வளையம், சக்கர மூடி எல்லாவற்றுக்கும் சாதாரணப் பெயின்ட். பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுபோனது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் வெளிவந்த வண்டிகளுக்கு 'பிளாக்அவுட்' கார்கள் என்றே பெயர். ரேஷனில் கிடைத்ததை முகம் சுளித்து வாங்கிக்கொண்ட அன்றைய ஜனங்கள், இன்றைக்கு வந்து பார்த்தால் மயங்கி விழுவார்கள். 2019-ல் டாடா ஹாரியருக்கு 'டார்க் எடிஷன்' வந்தது. 2022-ல் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 'நைட் எடிஷன்' வந்தது. குரோம் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்பு. அதற்கு விலை கூடுதல். இல்லாததற்கு எக்ஸ்ட்ரா வாங்கும் கலையைக் கற்றுவிட்டால் எந்தத் தொழிலிலும் நஷ்டம் வராது.

வரலாற்றில் தோற்றதும் மாமனார் சட்டத்துக்குத் தாவினார். "வண்டியை மாத்தினா ஆர்.டி.ஓ. புடிப்பான்." இதில் அவருக்கு அனுபவம் உண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றபோது அவர் உரித்தார். 2017 டிசம்பரில் மத்திய அரசு பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கிராஷ் கார்டுக்குத் தடை சொன்னபோது, அவருடைய குரோம் கார்டு மாட்டுத் தொழுவத்துக்குத் தடுப்பாகப் போனது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றாதே என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உடம்பின் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கிரில்லின் நிறத்துக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. எங்கள் சிவப்பு வண்டி சிவப்பாகவே இருக்கப்போகிறது. நம்பர் பிளேட்டிலும் விளக்குகளிலும் கை வைக்கவில்லை. சட்டம் என் பக்கம் இருந்த அபூர்வமான தருணம் அது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மாமனார் ஒட்டியதை வீட்டிலேயே கழற்றுவது. கம்பெனி ஒட்டியதைக் கடையில் மறைப்பது. மாமனார் மேற்பார்வை. அதாவது கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் அது வாங்கிய விலையையும் கடையின் பெயரையும் பக்கத்தில் நின்று அறிவிப்பது.

இரட்டைப் பக்க டேப்பைப் பிரிப்பதற்கு மனைவியின் ஹேர் டிரையர், ஒரு முழம் தங்கூசி நரம்பு, நீலகிரித் தைலம். இவை மூன்றும் இருந்தால் போதும். சூடு காட்டினால் பசை இளகும். நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, உறைக்கும் உடம்புக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போடுவதுபோல இழுத்தால் 'கிர்ர்' என்று அறுத்துக்கொண்டு வரும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பெயின்டோடு வரும். மிச்சப் பசையைத் தைலம் தொட்டுப் பெருவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். மொட்டைமாடியில் காயப்போட்ட துணி எடுக்க வந்த எதிர்வீட்டு மாமி, வாசனையைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து, "வீட்ல யாருக்கு சளி?" என்று விசாரித்தார்.

நாங்கள் குடியிருக்கும் திருவான்மியூரின் கடற்காற்று எங்களுக்கு முன்பே பாதி வேலையை முடித்திருந்தது. மலிவுக் குரோம் உறைகளில் அங்கங்கே கொப்புளம். ஒரு மிரர் மூடியில் படலம் தானாகவே உரிந்து சுருண்டிருந்தது. அதைத் தொடும்போது எச்சரிக்கை வேண்டும். உரிந்த குரோம் விளிம்பு பிளேடேதான். "மாமா, இது தானாவே உரியுது" என்றேன். "அது கடல்காரன் தப்பு" என்றார். மதுரைக்காரருக்கு வங்காள விரிகுடா எப்போதுமே அந்நியன்.

டிக்கியில் இருந்த வேரியன்ட் எழுத்துகளையும் எடுத்தோம். எழுத்து போனதே தவிர, படிப்பு போகவில்லை. சுற்றிலும் வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு. எழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஷோரூம் சிவப்பு. முன்னைவிடத் தெளிவாக வாசிக்க முடிந்தது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாமனாருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. "டாப் வேரியன்ட்டுங்கறது ரத்தத்துல இருக்கு மாப்ள, அழிக்க முடியாது."

கம்பெனிக் குரோமை மறைக்க ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கிரில் நடுவில் இருந்த லோகோவைத் தட்டிப் பார்த்து, "சார், இதுக்குப் பின்னாடி ரேடார் இருக்கா?" என்றார். முன்னால் போகும் வண்டியை மோப்பம் பிடித்துத் தானே பிரேக் போடுகிற புதிய கார்கள் சிலவற்றில், லோகோவுக்குப் பின்னால்தான் அந்த ரேடார் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் எதையாவது பூசினாலோ ஒட்டினாலோ வண்டிக்குக் கண் மறைத்துவிடும். எங்கள் வண்டியில் அதெல்லாம் இல்லை. பின்சீட்டில் மாமனார் இருக்கிறார், அவரே பிரேக் சொல்வார்.

ஒட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கலாம். இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தான். அது ஸ்டைலுக்கு என்று நினைத்தேன். முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் கிரில்லின் ஒவ்வொரு பட்டையையும் துடைத்தான். விரல் பட்ட எண்ணெய் இருந்தால்கூட ஃபிலிம் பிடிக்காதாம். பிறகு வினைல் ஃபிலிமை வெட்டி, முதுகுத்தாளை உரித்து, பட்டையின் மேல் கூடாரமாக விரித்தான். ஹீட் கன் காட்டியதும் அது ரப்பராகக் குழைந்தது. நடுவில் ஸ்க்வீஜியால் ஒரு அழுத்து. அங்கிருந்து ஓரத்துக்கு ஓரத்துக்கு என்று காற்றைத் தள்ளிக்கொண்டே போனான். மூலை வந்ததும் மூச்சை நிறுத்தினான். அங்கே ஃபிலிமை இழுத்து ஒட்டினால் பிற்பாடு வெயிலில் அது பழைய நீளத்துக்கே சுருங்கிக் கிளம்பிவிடும். அதனால் இழுக்காமல், சூடு காட்டித் தளர்த்தி, படுக்கவைத்தான். கடைசியில் பிளேடால் விளிம்பைச் சீவி, மிச்சத்தை இடுக்குக்குள் அந்தச் சுண்டுவிரல் நகத்தால் மடித்துத் தள்ளினான். அது ஸ்டைல் இல்லை, டூல்.

அரை மைக்ரானை மறைக்க அவன் ஒட்டிய ஃபிலிம், பசையையும் சேர்த்தால், அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் கனம். நல்ல 'காஸ்ட்' ஃபிலிம் மெல்லிசு, வளைவுக்கு வளையும், விலை அதிகம். மலிவானது தடிப்பு, நாள் போகப் போகச் சுருங்கும். "சார், எதுவும் அழியாது. உள்ள ஒரிஜினல் குரோம் அப்படியே பத்திரமா இருக்கு. மனசு மாறினா வாங்க, உரிச்சுத் தர்றோம்" என்றார் கடைக்காரர். உரிப்பதற்கு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். கண்ணில் குரோம் மின்னியது.

வண்டியைப் பார்த்து அபார்ட்மென்ட் சொன்ன கருத்துகளை மகளிடம் நான் தெரிவிக்கவில்லை. "கிரில் ஒடஞ்சு மாத்தினீங்களா? இன்ஷூரன்ஸ்ல குடுத்தாங்களா?" என்றார் செயலாளர். "துக்கம் ஏதாவது விசேஷமா சார்?" என்றார் மூன்றாம் மாடி. வாட்ச்மேன் மட்டும் கையை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் முதல் தடவையாக நேராகப் பார்த்துச் சிரித்தார். சல்யூட் நின்றுவிட்டதை மாமனார் கவனித்தார். "பாத்தீங்களா மாப்ள, மரியாதை போச்சு."

மகள் கடைசி அஸ்திரமாகச் சுற்றுச்சூழலை எடுத்தாள். இதில் விளையாட முடியாது. பூசி முடித்த குரோம் உலோகம் சாது; அதைப் பூசுகிற தொட்டியில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் சாது இல்லை. புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் குரோமியம் ட்ரைஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவில் அலங்காரக் குரோம் பூச்சுக்கு அதைப் பயன்படுத்துவது 2027-லிருந்து கூடாது என்று 2023-ல் முடிவு செய்தார்கள். இதே ரசாயனம் நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கலிஃபோர்னியா போக வேண்டாம், ராணிப்பேட்டை போதும். அங்கே தோல் பதனிடுவதற்கான குரோமிய ரசாயனம் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. விட்டுச்சென்ற கழிவு மலையாகக் குவிந்து, சுற்றுப்புற நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அது கார் பம்பருக்காகச் செய்த ரசாயனம் இல்லைதான். ஆனால் விஷத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. அபாயம் குறைந்த ட்ரைவேலன்ட் முறைக்குப் பல தொழிற்சாலைகள் மாறிவருகின்றன. அதில் வரும் குரோமில் நீலச்சாயல் கொஞ்சம் குறையும். மாமனார் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் இந்த வாதத்துக்கும் மாமனாரிடம் பதில் இருந்தது. "ஏ தாயி, செஞ்சது செஞ்சாச்சு. அந்த விஷம் எங்கியோ ஓடிப்போச்சு. அதுமேல நீ பிளாஸ்டிக் ஒட்டினா விஷம் திரும்பி வந்துருமா? இப்ப குரோமும் இருக்கு, பிளாஸ்டிக்கும் இருக்கு." மகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அடுத்த காரைக் குரோமே இல்லாம வாங்கலாம் தாத்தா" என்றாள். பொருளாளர் என்ற முறையில் அடுத்த கார் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

உடன்படிக்கை சமையலறையில் கையெழுத்தானது. கிரில், கைப்பிடி, டிக்கிப் பட்டை கறுப்புக்கு. ஜன்னலுக்கு அடியில் ஓடும் ஒற்றைப் பீடிங் மட்டும் வெள்ளியாகவே இருக்கும். அதைத் துடைக்கும் உரிமை தாத்தாவுக்கு. பார்க்கப்போனால் வண்டிக்கு அந்த ஒரு கோடுதான் அழகு. இதை நான் இரண்டு தலைவர்களிடமும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்கினேன். காருக்குக் குரோமை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காரைச் சுற்றி வந்து பார்க்காதீர்கள், குடும்பத்தைச் சுற்றி வந்து பாருங்கள். எடுத்ததைத் தூக்கியும் போடாதீர்கள். மாமனார்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

எங்கள் மாமனார் கழற்றியதையெல்லாம் அதே கட்டைப்பையில் போட்டு மதுரைக்கு எடுத்துப்போனார். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தோம். வைஸரின் குரோம் விளிம்பு பீரோக் கதவின் ஓரத்தில். கைப்பிடிக் கிண்ணங்களில் சோப்பு. பூஜை அறைக்குள் நுழைந்த மகள், "அய்யோ தாத்தா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முருகன் படத்தைச் சுற்றி, கச்சிதமான வட்டமாக, எங்கள் ஃபாக் லேம்ப் வளையம். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய திருவாசி. கற்பூரம் காட்டினால் இரண்டு மடங்கு வெளிச்சம் அடிக்கிறது.

"உங்க வண்டிக்குத்தான் வேணாம்னீங்க" என்றார் மாமனார், கன்னத்தில் போட்டுக்கொண்டே. "எங்க முருகன் டாப் வேரியன்ட்டு."